இரண்டாவது பை

மட்டக்களப்புக்கு அப்பால், 50 மீற்றருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் ஹேர்மிஸ் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். அதைப் பார்க்க இறங்கும் சுழியோடி நினைத்தவுடன் மேலே வந்துவிட முடியாது. உடலில் கரைந்த வளி வெளியேறும்வரை வழியில் நின்று நின்று ஏற வேண்டும். 6 மீற்றரில் நிற்பதுதான் நீண்ட நேரம். படகின் அடிப்பாகம் தலைக்கு மேல் தெரியும். ஆனாலும் போகக் கூடாது.

அப்படி ஓரிடத்தில் நிற்க வைப்பது முதுகில் கட்டிய ஒரு காற்றுப் பை. நாங்கள் அதை விங் என்போம்.

*

50 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் 6 மடங்கு. அங்கே பைக்குள் விட்ட 1 லீற்றர் காற்றை வழியில் வெளியேற்றாவிட்டால், மேலே அது 6 லீற்றராக விரியும். ஒவ்வொரு லீற்றரும் ஏறக்குறைய 1 கிலோவைத் தூக்கும். 12 லீற்றர் இரட்டைச் சிலிண்டர்களை 200 பார் வரை நிரப்பினால் உள்ளிருக்கும் காற்று மட்டுமே 6 கிலோவை நெருங்கும். மூச்சு விட விட அந்த எடை குறையும். நியோப்ரீன் உடையோ ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழக்கும், ஏறும்போது மீண்டும் தடிக்கும். இவ்வளவையும் சமன் செய்வது ஒரு பொத்தானும், சின்னச் சுருள்வில் அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு வால்வுத் தட்டும்தான். அவற்றைக் கையில் எடுக்கும்போது அவசரப்பட எனக்கு மனம் வருவதில்லை.

*

காற்றை வெளியேற்றும்போதெல்லாம் கொஞ்சம் கடலும் பைக்குள் வந்துவிடுகிறது. வெளிப்புறத்தை மட்டும் அலசிக் காயப் போட்டால், உள்ளே நீர் வற்றி உப்பு படிகமாகும். மடிப்புகளில் உராயும். வால்வுத் தட்டின் விளிம்பில் ஒரு மணி அளவு ஒட்டினாலே போதும், அது முழுதாக மூடாது.

ஆகவே வாய்க்குழாய் வழியாக நல்ல தண்ணீர் ஊற்றி, காற்றும் ஊதி, எல்லாப் பக்கமும் புரட்டி, ஒவ்வொரு வால்வு வழியாகவும் தனித்தனியே வடிக்கிறேன். கடைசியில் வரும் நீரை நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பதுண்டு. கரித்தால் இன்னொரு முறை. பிறகு நிழலில், பாதி ஊதிய நிலையில் காய வேண்டும். எங்கள் ஊர் வெயில் துணியையும் தையலையும் தின்றுவிடும்.

வாய்க்குழாயைப் பையோடு இணைக்கும் நெளிகுழாயை இழுத்துப் பிடித்து மடிப்புகளுக்கு நடுவே வெடிப்புப் பார்க்க வேண்டும். அதன் இரு முனைகளிலும் உள்ள நைலோன் கட்டுகளையும்.

*

காற்றூட்டும் பொத்தானுக்குள் இருப்பது கார்ச் சக்கர வால்வைப் போன்ற ஒரு சிறு வால்வு. அது உப்பில் சிக்கினால் பை தானாக ஊதிக்கொண்டே போகும், ஆள் மேலே இழுபட்டுவிடுவார். அந்நேரம் காற்றுக் குழாயை ஒரு கையால் கழற்ற வேண்டும். இணைப்பு வளையம் துருவால் இறுகியிருந்தால் எவ்வளவு பயிற்சி இருந்தும் பயனில்லை. வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிப் பார்க்கிறேன். பொத்தானை அமுக்கி விட்டதும் காற்றின் ஓசை அந்தக் கணமே நிற்க வேண்டும். அதன் பிறகும் வெறும் பையைச் சிலிண்டரோடு இணைத்துக் கால் மணி நேரம் பார்த்திருப்பேன். மெதுவான கசிவு காதுக்குக் கேட்காது. பை மெல்லப் பருத்துத்தான் காட்டிக்கொடுக்கும். பொத்தானைப் பிரித்துப் பழுது பார்ப்பது அதற்கெனப் பயின்றவரின் வேலை. அதில் நான் கை வைப்பதில்லை.

பையிலிருந்து காற்று வெளியே கசிகிறதா என்று பார்க்கும் மற்றச் சோதனைக்கு ஓர் இரவு வேண்டும். மிகையமுக்க வால்வு திறந்து சீறும்வரை ஊதி, குழாயைக் கழற்றி, வீட்டுக்குள் வைக்கிறேன். வெளியே வைத்தால், பகல் சூட்டில் ஊதியது இரவுக் குளிர்ச்சியில் ஓட்டை இல்லாமலே சற்றுத் தளரும்; வீணாகச் சந்தேகம் வரும். உண்மையிலேயே தளர்ந்திருந்தால் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி இடத்தைச் சொல்லிவிடும்.

*

குளிர்க் கடல்களில் நீர்புகா உடை அணிவார்கள். விங் கிழிந்தாலும் அந்த உடைக்குள் காற்றூட்டி மிதக்கலாம். இங்கே நீர் 28 பாகைக்கு அருகில் இருக்கிறது. மெல்லிய உடை போதும்; ஆனால் அதற்குள் காற்றூட்டி மிதக்க முடியாது. அதனால்தான் பாரமான இரட்டைச் சிலிண்டரோடு இறங்கும் எங்களில் சிலர், ஒரே உறைக்குள் இரண்டு பைகள் கொண்ட விங்கை வைத்திருக்கிறோம்.

எனக்குக் கவலை தருவது அந்த இரண்டாவது பைதான். அதை யாரும் பாவிப்பதில்லை, ஆகவே யாரும் கழுவுவதுமில்லை. அதன் பொத்தான் பின்னால் செருகிக் கிடக்கும். அதற்குள் தெரியாமல் காற்றுக் கசிந்தாலும் ஆபத்து: எந்தப் பை தூக்குகிறது என்று தெரியாமல் ஒருவர் வேறு பையின் காற்றை வெளியேற்றிக்கொண்டிருப்பார். அதற்காகவே பலர் அதன் குழாயை இணைக்காமல் வைக்கிறார்கள். நான் முதலில் சோதிப்பது அதைத்தான், முதலாவது பைக்குச் செய்யும் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்து.

காலையில் அது தளர்ந்திருந்தால், மற்றது எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், ஹேர்மிஸுக்குப் போவதில்லை. படகுக்காரரிடம் முதல்நாள் மாலையே சொல்லிவைப்பேன்: "அண்ணன், விடிய நான் கோல் எடுத்த பிறகு எண்ணெய் அடியுங்கோ."