பிள்ளை தூங்குகிற வீடு



இன்று நாம் கேட்ட லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் ஒருவர் நள்ளிரவில் நண்பர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். விருந்தாளி வந்துவிட்டார், வைப்பதற்கு வீட்டில் ஒன்றுமில்லை, மூன்று அப்பம் கடனாக வேண்டும். வழக்கமாக நாம் கதவுக்கு வெளியே நிற்பவரைப் பற்றித்தான் பேசுவோம். அவர் விடாமல் கேட்டார், கிடைத்தது, நாமும் சோர்ந்துபோகாமல் செபிக்க வேண்டும் என்போம். நல்ல பாடம்தான். இன்றைக்கு ஒரு நாள் கதவுக்கு உள்ளே போய்ப் பார்ப்போம். உள்ளே படுத்திருப்பவர் எழுந்து வர மாட்டேன் என்பதற்குச் சொல்லும் காரணம் என்ன? பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்பதுதான்.

அந்தக் காலத்துப் பாலஸ்தீனத்தில் ஏழையின் வீடு பெரும்பாலும் ஒரே அறை. குடும்பம் முழுவதும் தரையில் வரிசையாகப் படுக்கும். தாழ்ப்பாளை எடுத்தால் சத்தம் கேட்கும். ஒருவர் எழுந்தால் மற்றவர்களைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். தொகுப்பு வீட்டில் குடியிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஆண்டவருக்கு இந்த வீடு தெரிந்திருக்கிறது. அரும்பாடுபட்டுத் தூங்கவைத்த பிள்ளை விழித்துவிடுமோ என்ற பயத்தை நாசரேத்தில் எத்தனையோ வீடுகளில் பார்த்து வளர்ந்தவர் அவர் என்றுதான் நான் நம்புகிறேன்.

நம் ஊர் வீடுகளிலும் அதே பயம் உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தை வரிசையில் வைத்து, பெரியவனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, சோறு வடித்து, துணி துவைத்து, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆட்டுக்குத் தழை போட்டு நிமிர்வதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டி, முகம் கைகால் கழுவி, பழைய நூல் புடவையில் கட்டிய தூளியில் போட்டு ஆட்டத் தொடங்குகிறாள் தாய். கண் சொருகுகிற நேரத்தில் சாலையில் சிமெண்ட் லாரி ஆரன் அடித்துப் போகிறது. மறுபடியும் ஆட்டுகிறாள். கரண்ட் போய் மின்விசிறி நிற்கிறது. மறுபடியும் ஆட்டுகிறாள். ஒருவழியாகப் பிள்ளை தூங்கிவிட்டது, இனி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரலாம் என்று நினைக்கும்போது வாசலில் குரல் கேட்கிறது: "அக்கா, இருக்கீங்களா? குழுப் பணம் வாங்க வந்தேன்."

கூப்பிட்டவர் கெட்டவர் இல்லை. உவமையில் தட்டியவரும் கெட்டவர் இல்லை. ஆனால் பிள்ளை தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவள் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், முதுகைத் தரையில் சாய்க்க வேண்டும். அது கலைந்தால் சாயங்காலம் முழுவதும் பிள்ளை சிணுங்கும், அடுப்பு வேலை இழுக்கும், ராத்திரித் தூக்கமும் கெடும். பகலில் தூங்கினால் ராத்திரி தூங்காது என்று சொல்லும் மாமியார்களும் இங்கே இருக்கிறீர்கள். சாயங்காலம் வரை தூங்கவிட்டால் அது உண்மைதான். மற்றபடி பகல் தூக்கம் குழந்தைக்குத் தேவை. ஒரு வயதுக் குழந்தைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பகல் தூக்கத்தையும் சேர்த்த கணக்கு இது. மூன்று வயதுக்கு மேல் சில பிள்ளைகள் பகலில் தூங்காது. அவர்களை மிரட்ட வேண்டாம். பக்கத்தில் சும்மா படுத்திருந்தால் போதும்.

இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் தகப்பன்மார் நம் பங்கில் இருக்கிறீர்கள். விடியவிடிய சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறீர்கள். ஊர் விழித்திருக்கும்போது நீங்கள் தூங்க வேண்டும். அதே அறையில்தான் இரண்டு வயதுப் பிள்ளை டப்பாவைத் தட்டி விளையாடுகிறது. "அப்பா தூங்குறாங்க, சத்தம் போடாதே" என்று அவன் வாயைப் பொத்திக்கொண்டே ஒரு தாய் பொழுதை ஓட்டுகிறாள். முடியாதபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறாள். தகப்பன் எழுந்து வெளியே போன பிறகு பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். தகப்பனுக்குத் தூக்கம் கிடைத்தது, பிள்ளைக்கும் கிடைத்தது. அவளுக்கு?

பிரியமானவர்களே, இந்தக் கேள்வியை நான் உங்கள் முன் மெதுவாக வைக்கிறேன். நம் வீட்டில் யாருடைய தூக்கம் தூக்கமாக மதிக்கப்படுகிறது? சம்பாதிக்கிறவர் தூங்கினால் வீடே அடங்குகிறது. குழந்தை தூங்கினால் அம்மா அடங்குகிறாள். அம்மா பகலில் கண்ணயர்ந்தால், "இந்த நேரத்துல என்ன தூக்கம்?" என்கிறோம். அவள் கடைசியாக யாரும் எழுப்பாமல் எப்போது தூங்கினாள் என்று, இங்கே இருக்கும் கணவர்களே, உங்களால் சொல்ல முடியுமா?

களைத்துப்போன ஒருவரைக் கடவுள் எப்படி நடத்தினார் என்று அரசர் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் காட்டுகிறது. இறைவாக்கினர் எலியா உயிருக்குப் பயந்து பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு செடியின் அடியில் விழுந்து, போதும், செத்தால் தேவலை என்கிறார். கடவுள் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். வானதூதரை அனுப்பித் தொட்டு எழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் கொடுத்தார். சாப்பிட்டவரை மறுபடியும் தூங்கவிட்டார். இரண்டாம் முறை எழுப்பிச் சாப்பிடவைத்த பிறகுதான் எலியா ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடந்தார். தாய்மார்களே, போதும் ஆண்டவரே என்று அடுப்பு முன்னால் நின்று நீங்கள் முணுமுணுத்தது விசுவாசக் குறைவு இல்லை. எலியாவின் அந்த வார்த்தையை வேதாகமம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. உங்களுக்கும் சூடான சாப்பாடும் தூக்கமும் வேண்டும் என்று கடவுளுக்குத் தெரியும்.

சிலர் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது சொல்ல முடியாமல் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. நாள் முழுவதும் தூங்காமல் அடம்பிடித்த பிள்ளையை முதுகில் அறைந்துவிட்டு, அது விம்மிக்கொண்டே தூங்கிப்போன பிறகு அதன் காலடியில் உட்கார்ந்து அழுத தாய்மார் பலர். உங்களைக் கடவுள் தள்ளிவிடுவாரோ என்று பயப்படாதீர்கள். அந்தக் கண்ணீரே மனம் திரும்பியதற்கு அடையாளம். அவருடைய இரக்கம் உங்கள் கோபத்தைவிடப் பெரியது. பிள்ளை எழுந்ததும் மடியில் எடுத்து முத்தமிடுங்கள். நாளைக்குக் கோபம் தலைக்கேறும்போது பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலுக்கு வாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். தூங்கவைப்பதற்காகச் சளி மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது ஆபத்து.

செபமாலையைப் பற்றியும் கவலைப்படுகிறீர்கள். பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தொடங்கியது இரண்டாவது தேவ இரகசியத்தோடு நின்றுபோகிறது, செபமாலை கையில் இருக்கத் தாயும் தூங்கிவிடுகிறாள். 1897இல் தம் 24ஆம் வயதில் இறந்த புனித குழந்தை தெரசம்மாளுக்கும் செபத்தில் தூக்கம் வந்தது. பெற்றோருக்குப் பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பிரியம்தானே என்று எண்ணி அவர் மனம் கலங்காமல் இருந்தார். அவரைத் திருச்சபை 1997இல் மறைவல்லுநராக உயர்த்தியது. தூங்கிப்போன செபத்தைக் குறித்து அவர் கொண்ட நம்பிக்கையே உங்களுக்கும் போதும். பால் மறந்த பிள்ளை தாயோடு அமைதியாகக் கிடப்பதைப் போல என் உயிரும் ஆண்டவரிடம் கிடக்கிறது என்ற பொருளில் 131ஆம் திருப்பாடல் பாடுகிறது. நீங்கள் தினமும் கண்ணால் பார்ப்பதைத்தான் அந்தத் திருப்பாடல் செபமாக்கியிருக்கிறது.

திருப்பலியில் பிள்ளை அழுதால் வெட்கப்பட்டு வெளியே போய்விடாதீர்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, பசியில் அழும் பிள்ளைகளுக்கு அங்கேயே பால் கொடுக்கும்படி தாய்மாரிடம் சொன்னார். நம் சின்னக் கோவிலில் அதற்குத் தடை ஏதும் இல்லை.

இப்போது தகப்பன்மாரே, உங்களிடம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் நடந்து போகிறவர்கள் நீங்கள். அந்த மண்ணில் தங்கி ஊழியம் செய்த வீரமாமுனிவர், 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். அந்தக் காப்பியத்தின் தலைவர் யார்? அரசர் இல்லை, படைத்தலைவர் இல்லை. சூசையப்பர். மரவேலை செய்து பிழைத்த, ஒரு பிள்ளையை வளர்த்த குடும்பத் தலைவர். நற்செய்திகளில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. தூக்கத்தில் கடவுள் பேசுவதைக் கேட்டார், கேட்டதும் எழுந்தார். ஏரோது பிள்ளையைக் கொல்லத் தேடுகிறான் என்று கனவில் அறிந்தபோது, விடியட்டும் என்று படுத்திருக்கவில்லை. அந்த இரவிலேயே எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார்.

தூங்கும் சூசையப்பர் சுரூபம் இப்போது நம் வீடுகள் சிலவற்றிலும் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரியில் மணிலாவில் குடும்பங்களிடம் பேசியபோது, தம் மேசையில் அந்தச் சுரூபம் இருப்பதையும், கவலை வந்தால் சீட்டில் எழுதி அதன் அடியில் வைப்பதையும் சொன்னார். நீங்களும் சீட்டு வையுங்கள். அதோடு, ராத்திரி பிள்ளை அழும்போது சூசையப்பர் எழுந்ததுபோல ஒரு தடவையாவது நீங்கள் எழுந்திருங்கள். விடுமுறை நாளில் மத்தியானம் தூளிக் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும், அவள் தூங்கட்டும். திருப்பூரிலும் வளைகுடா நாட்டிலும் வேலை பார்க்கிறவர்கள், பிள்ளை தூங்கும் நேரத்தில் வீடியோ அழைப்பு வராதபடி ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு வீட்டுக்குள் தீர்கிற காரியமும் இல்லை. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில்கூட, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அமர்த்த வேண்டும், அவருக்கும் கூலி உண்டு என்று எழுதினார்கள். பிள்ளை பார்ப்பது வேலைதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. 1982 சூலை முதல் நாளில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்குப் பிறகு, சாப்பாடு போட்டு, பாய் விரித்து, ஊர்ப் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் பால்வாடி டீச்சரும் ஆயாவும் எத்தனை தாய்மாரைக் காட்டு வேலைக்கு நிம்மதியாக அனுப்பியிருக்கிறார்கள்! சின்ன வெங்காயம் நடவுக்கும் பருத்தி எடுப்புக்கும் போகிறவர்களைக் கேளுங்கள். அந்த டீச்சரை வழியில் பார்த்தால் நன்றி சொல்லுங்கள்.

உவமைக்கு வருகிறேன். கதவுக்குள் இருந்த தகப்பன் எழுந்திருக்கத் தயங்கினார். நம் வானகத் தந்தை அப்படித் தயங்குவதில்லை, அவர் கண்ணயர்வதும் இல்லை என்று 121ஆம் திருப்பாடல் நமக்கு வாக்குக் கொடுக்கிறது. மீன் கேட்கும் பிள்ளைக்குப் பாம்பைக் கொடுக்காத உங்கள் மனசே அவருடைய மனசுக்குச் சாட்சி என்று இயேசு உவமை முடிந்த கையோடு சொல்லிவிட்டார். ஆகவே அவர் கதவை எந்த நேரத்திலும் தட்டுங்கள், அங்கே யாருடைய தூக்கமும் கெடாது. பக்கத்து வீட்டுக் கதவை மட்டும் மத்தியானத்தில் தட்டாதீர்கள்.

இந்த வாரம் முதல் பகல் ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை நம் கோவில் ஒலிபெருக்கி ஓடாது. திருவிழா நாள்களுக்கும் இது பொருந்தும். அன்பியக் கூட்டங்களைச் சாயங்காலத்தில் வையுங்கள். வீட்டில் தூளி கட்டியிருப்பவர்கள் புடவை நைந்திருக்கிறதா, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தரைக்குப் பக்கமாகத் தாழ்வாகக் கட்டுங்கள். பெரிய பிள்ளைகளை அதில் ஆட விடாதீர்கள், கழுத்து மாட்டிக்கொள்ளும்.

பிள்ளைகளை வளர்த்து முடித்த பாட்டிமார்களே, தாத்தாமார்களே, பிள்ளையே இல்லாமல் ஏங்கும் சகோதரிகளே, உங்கள் மடிக்கும் இந்தப் பங்கில் இடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மத்தியானம் ஒரு வீட்டுக்குப் போய்த் தூளி ஆட்டவும், அந்தத் தாய் சாப்பிட்டுத் தூங்கும்வரை பக்கத்தில் இருக்கவும் விருப்பமுள்ளவர்கள், திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.