பதம் பார்த்தல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். இதைப் பழமொழி என்று விட்டுவிடாமல் ஒரு தர்க்கமாக எடுத்துக்கொண்டு பார்த்தால், அது இரண்டு நிபந்தனைகளின் மேல் நிற்பது தெரியும். பானைக்குள் இருக்கிற அரிசி அத்தனையும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்திருக்க வேண்டும். நசுக்கிப் பார்க்கிற பருக்கையின் இழப்பு பொருட்படுத்தத் தகாததாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஒரு பொருளின் பதத்தை எப்படி அறிவது? அறியாமலே அதன்மேல் தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை? எனக்கு இது விமர்சனத்தின் பிரச்சினையாகவே படுகிறது. ஆனால் கவிதையிலிருந்து தொடங்கினால் ஆளுக்கு ஒரு கட்சி கட்டிக்கொள்வோம். ஆகவே ஒயினிலிருந்து தொடங்குகிறேன். பீளமேட்டில் உட்கார்ந்துகொண்டு போர்தோ ஒயினைப் பற்றிப் பேசுவது சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

கேபர்னே ஸோவின்யோன் என்பது சிறியதாக, தடித்த தோலோடு காய்க்கிற கறுப்புத் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை மாதிரி வாயில் போட்டு மெல்வதற்கானதல்ல. தோலிலும் விதையிலும் துவர்ப்பு அதிகம். போர்தோவின் மெதோக் பகுதியில் இதை முதன்மையாக வைத்து, மெர்லோ முதலியவற்றைக் கலந்து, ஓக் பீப்பாயில் ஒன்றரை இரண்டு வருஷம் வைத்திருந்து புட்டியில் அடைக்கிறார்கள். அப்போதே குடித்தால் கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொள்ளும். புட்டிக்குள் வருஷக்கணக்கில் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, சாயத்தையும் கூட்டிக்கொண்டு வண்டலாக அடியில் படிகின்றன. ஊதா கலந்த சிவப்பு, விளிம்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. பழவாசனை பின்வாங்கி, தேவதாரு, புகையிலை, நனைந்த மண் என்று வேறு வாசனைகள் எழுகின்றன.

இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. துவர்ப்பு இறங்குவது ஒன்று, பழம் மங்குவது மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1975ஆம் வருஷத்துப் போர்தோ இதற்குப் பேர்போன உதாரணம். துவர்ப்பு மிகக் கடுமை. அந்தக் கடுமையையே நீண்ட ஆயுளுக்கு அடையாளமாகக் கொண்டு பலர் காத்திருந்தார்கள். பல புட்டிகளில் துவர்ப்பு இறங்குவதற்குள் பழம் வற்றிவிட்டது. அவற்றுக்குப் பதம் என்று ஒரு நாள் வரவேயில்லை. முந்தித் திறந்திருந்தாலும் பிரயோசனமில்லை, பிந்தித் திறந்தாலும் இல்லை. கடுமையைப் பார்த்து உள்ளே ஆழம் இருக்கிறது என்று ஊகித்துக்கொள்வது ஒயின் பிரியர்களோடு நின்றுவிடுகிற வழக்கமல்ல. நம் பத்திரிகைகளில் வெளியான சில கவிதைகளையும் நாம் இப்படித்தான் கௌரவித்து வைத்திருக்கிறோம்.

சரி, பன்னிரண்டு புட்டி கொண்ட பெட்டியில் ஒன்றைத் திறந்து பார்த்து மற்ற பதினொன்றைப் பற்றி முடிவு செய்யலாமே? வழக்கமும் அதுதான். இளமையில் இது ஓரளவு சரியாகவும் வரும். போகப் போகத் தவறும். ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு தக்கை, ஒவ்வொரு தக்கையும் உள்ளே விடுகிற காற்றின் அளவு வேறு. முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்த இரண்டில் ஒன்று உயிரோடும் மற்றது செத்தும் வெளிவருவதுண்டு. பானை ஒன்றுதான், ஒவ்வொரு பருக்கைக்கும் தனித்தனி அடுப்பு. திறந்ததை மறுபடி மூடி வைத்து வளர்க்கவும் முடியாது. மிகப் பழைய ஒயினானால் சில மணி நேரத்தில் போய்விடும். அறிவதும் முடிப்பதும் ஒரே செயலாகிவிடுகிறது. கத்தி விரலைப் பதம் பார்த்துவிட்டது என்று தமிழில் சொல்கிறோம். சோதனைக்கும் காயத்துக்கும் ஒரே சொல்.

எங்கள் பக்கத்தில் இந்தக் காயம் சிறியது. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. கரும்பு முதிர்ந்ததா என்று பார்க்க அடியிலும் நுனியிலும் குத்தி ஒரு சொட்டுச் சாறு எடுத்துக் கையடக்கமான ரிஃப்ராக்டோமீட்டரில் வைக்கிறார்கள். நுனிச் சாற்றின் அளவு அடிச் சாற்றின் அளவை நெருங்கினால் வெட்டலாம். விட்டு வைத்தால் சர்க்கரை உடைந்து போய் வெல்லம் கட்டிக்கு நிற்காது. அந்தச் சொட்டு போனாலும் கரும்பு கரும்புதான்.

பஞ்சு விஷயம் இன்னும் நுட்பமானது. காய்க்குள் பருத்தி நார் முதல் மூன்று வாரம் போல நீளத்தில்தான் வளர்கிறது. அதற்குப் பிறகே உட்சுவரில் செல்லுலோஸ் படிந்து தடிக்கிறது. நீளம் முந்தி, நிறைவு பிந்தி. நிறைவு வராத நார் ஆலையில் சுருண்டு முடிச்சாகும். சாயம் பிடிக்காமல் துணியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு கை பஞ்சைப் பிடுங்கி இழுத்து இழுத்து நீளத்தைக் கண்டுகொள்கிறவருக்கும் முதிர்ச்சி அத்தனை எளிதில் பிடிபடாது. இதற்கு ஆலைகள் நம்புவது மைக்ரோனேர் என்ற ஓர் எண்ணை. குறிப்பிட்ட எடைப் பஞ்சின் ஊடே காற்று எவ்வளவு தாராளமாகப் போகிறது என்பதே அது. ஆனால் அந்த எண் மென்மையையும் முதிர்ச்சியையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்கிறது. அமெரிக்க அப்லாண்டு பஞ்சில் 3.5க்குக் கீழே போனால் விலையைக் குறைப்பார்கள். கோவையில் உருவாகி 1974இல் வெளியான சுவின் 3ஐ ஒட்டியே நிற்கும், அது இயல்பிலேயே அவ்வளவு மெல்லியது என்பதால். ஒரே எண், ஒன்றுக்குக் குறை, மற்றதற்குப் பெருமை. பிரித்து அறிய நாரை 18 சதவீதக் காஸ்டிக் சோடாவில் உப்பவைத்து மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். 'முதிர்ச்சியற்ற எழுத்து' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள், தாங்கள் பார்த்தது பிஞ்சையா மென்மையையா என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் கலிஃபோர்னியக் கேபர்னேக்களையும் போர்தோக்களையும் பெயர் மறைத்து ருசிக்க வைத்தார். நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பில் முதலாவதாக வந்தது கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. உடனே எழுந்த ஆட்சேபம்: எங்கள் ஒயின் இன்னும் பதத்துக்கு வரவில்லை, அவர்களுடையது சீக்கிரம் பழுத்துச் சீக்கிரம் வாடுவது, பொறுத்துப் பாருங்கள். மறுக்க முடியாத வாதம், ஏனென்றால் சாட்சி எதிர்காலத்தில் இருக்கிறது. பொறுத்துத்தான் பார்த்தார்கள். 2006இல் அதே ஒயின்களை மறுபடி ருசித்தபோது முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கே போயின. முதலிடம் ரிட்ஜ் மோன்ட்டே பெல்லோ 1971. யார் ஜெயித்தார்கள் என்பதில் எனக்கு அக்கறையில்லை. காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர்களிடம் காலம் முப்பது வருஷம் கழித்து நிஜமாகவே வந்து நின்றது என்பதுதான் விஷயம். அநேகமாக நம் சர்ச்சைகளில் அது வருவதில்லை. வராது என்ற தைரியத்தில்தான் கூப்பிடுகிறோம்.

சைவ சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்று ஒன்று சொல்வார்கள். உயிரின் பக்குவம் அறிந்து இறைவன் குருவாக வருகிறான். பக்குவத்தை அறிகிற அதிகாரம் அவனுக்கு மட்டும், ஏனென்றால் அவன் திறந்து பார்க்காமலே அறிகிறவன். விமர்சகனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. திறந்தால்தான் தெரியும். இருந்தும் 'இன்னும் காலம் ஆகவில்லை' என்று அவன் சொல்லும்போது குரலில் ஒரு தெய்வீகம் ஏறிவிடுகிறது. இதற்கு நேர் எதிராக, எல்லாவற்றையும் இன்றைக்கே திறந்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. போர்தோ ஒயினைப் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். கோவைக் கோடையில் அலமாரியில் வைத்தாலும் நிறம் மாறும், சீக்கிரமாகவே மாறும். முதிர்ந்ததனால் அல்ல, வெந்ததனால். வெம்பிப் பழுத்தது என்று மாங்காய்க்கு நாம் வைத்திருக்கிற சொல் இதற்கும் பொருந்தும். அவசரம் காலத்துக்குப் பதிலி ஆகாது.

ஆனால் பதம் என்பது புட்டிக்குள் மட்டும் இருக்கிற குணமா? துவர்ப்பையே விரும்புகிறவனுக்குப் பத்து வருஷமே அதிகம். நனைந்த மண் வாசனைக்கு ஏங்குகிறவனுக்கு முப்பது போதாது. இவனுக்கு ஒரு பதம், அவனுக்கு ஒரு பதம். அதனாலேயே எல்லாம் சொந்த ருசி என்று கையை விரித்துவிடவும் முடியாது. 1975ஐ எந்த நாக்கும் காப்பாற்றவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், பீளமேட்டு ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர், பதினோரு வருஷமாக ஒரு நோட்டில் கவிதை எழுதி வைத்திருக்கிறார். நாலைந்து படித்திருக்கிறேன். சில இடங்களில் துவர்ப்பு அப்படியே இருக்கிறது. இன்னும் ஆகட்டும் என்கிறார். அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது, பஞ்சுத் தூசி நெஞ்சில் இருக்கிறது. அடுத்த இதழுக்கு இரண்டு கவிதை கேட்டு எழுதியிருக்கிறேன்.