வலைக்கு அப்பால் நின்றவர்

வெற்றியையும் தோல்வியையும் சமமாகக் கொண்டு போர்புரியுமாறு பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 38-ஆம் சுலோகத்தில், பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். படிப்பவர் பெரும்பாலும் சமநிலையைப் பற்றிய முற்பகுதியிலேயே நின்றுவிடுகிறார். போர்புரி என்னும் பிற்பகுதியில்தான் சிக்கல் இருக்கிறது. போரிடாதவனுக்கு வெற்றியும் தோல்வியும் சமமாக இருப்பதில் வியப்பு எதுவும் இல்லை. அவனுக்கு இரண்டுமே இல்லை. வெல்வதற்கென்றே களத்தில் இறங்குபவர், வெற்றியையே ஊதியமாகக் கொண்டவர், இரண்டையும் எவ்வாறு சமமாகக் கருதுவார்? அப்படிக் கருதுவாரானால், தம் முழுத் திறத்தையும் எதிர்பார்த்து எதிரே நிற்பவரை அவர் ஏமாற்றுகிறார் ஆகாதா?

செகந்திராபாத்தின் வடபுறத்திலுள்ள போலாரத்தில், நிஜாமின் பெயரால் ஆங்கிலேய அதிகாரிகள் நடத்திய படையின் முகாம் இருந்தது. பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு அங்கிருந்த மாளிகையே இன்று ராஷ்டிரபதி நிலையமாக விளங்குகிறது. டென்னிஸ் ஆங்கிலேய அதிகாரிகளோடு இந்தியாவுக்கு வந்த ஆட்டம். அவர்களுக்கு அது மாலைப் பொழுதுபோக்கு. தோற்றவர் புன்னகையுடன் கைகொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகலாம். மறுநாள் உணவுக்கோ பதவிக்கோ அந்தத் தோல்வியால் குறைவு வராது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது தோன்றும் அமைதியைச் சமநிலை என்று சொல்வது மிகை. ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவரின் நிலை வேறு. ஒவ்வொரு தோல்வியும் அவரது தரவரிசையிலிருந்தும் வருவாயிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்துச் செல்கிறது.

2005 பிப்ரவரியில் ஐதராபாத்தில் நடைபெற்ற மகளிர் போட்டியின் இறுதி ஆட்டம் பலருக்கும் நினைவிருக்கும். பதினெட்டு வயதான சானியா மிர்சா, தாம் வளர்ந்த ஊரில் 6–4, 5–7, 6–3 என்று வென்றார். உலக மகளிர் டென்னிஸ் சுற்றில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையும் பெற்றார். வலைக்கு அப்பால் நின்றவர் யார் என்று கேட்டால் விடை சொல்பவர் மிகச் சிலரே. அவர் உக்ரைனின் கிரிவீ ரீஹ் நகரில் பிறந்த இருபது வயதுப் பெண், அல்யோனா பொந்தரென்கோ. முதல் செட்டை இழந்தபின் இரண்டாவதை மீட்டு, ஊரே எதிரணிக்காக ஆரவாரம் செய்தபோதும் ஆட்டத்தை மூன்றாம் செட் வரை கொண்டுசென்றவர்.

அதே நகரின் நடுவே லால் பகதூர் விளையாட்டரங்கம் உள்ளது. அவ்விடத்தின் பழைய பெயர் ஃபதே மைதான், அதாவது வெற்றித் திடல். 1687-இல் கோல்கொண்டாவை முற்றுகையிட்ட ஔரங்கசீப்பின் படை தங்கிய இடம் அது. பெயர் வைத்தவர்கள் வென்றவர்கள். கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் தானா ஷா தௌலதாபாத் கோட்டையில் சிறையிலேயே காலமானார். அவரைக் கேட்டிருந்தால் அந்தத் திடலுக்கு என்ன பெயர் சொல்லியிருப்பாரோ!

டென்னிஸின் கணக்கு இரக்கமற்றது. முப்பத்திரண்டு பேர் ஆடும் போட்டியில் முப்பத்தொரு ஆட்டங்கள், முப்பத்தொரு தோல்விகள். நூற்றிருபத்தெட்டுப் பேர் ஆடும் விம்பிள்டனில் நூற்றிருபத்தேழு பேர் தோற்றுத்தான் வெளியேற வேண்டும். பொந்தரென்கோ பின்னர் லக்ஸம்பர்கில் (2006) ஒன்றும் ஹோபார்ட்டில் (2010) ஒன்றுமாக இரண்டு ஒற்றையர் பட்டங்களை வென்றார். 2008-இல் தங்கை கதெரினாவுடன் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தையும் பெற்றார். அதே ஆண்டு தரவரிசையில் 19-ஆம் இடத்தை எட்டினார். அன்று வென்ற சானியாவுக்கோ உலக மகளிர் டென்னிஸ் சுற்றில் ஐதராபாத்தில் பெற்றதே முதலும் கடைசியுமான ஒற்றையர் பட்டம். 2007-இல் 27-ஆம் இடம் வரை உயர்ந்தவர், அச்சுற்றின் மற்ற எல்லா ஒற்றையர் போட்டிகளிலிருந்தும் பட்டமின்றியே திரும்பினார். ஆகவே வென்றவர், தோற்றவர் என்று மனிதர்களை இரு வகையாகப் பிரிப்பதற்கு இந்த ஆட்டம் இடமே தரவில்லை.

பலனில் பற்று இல்லாவிட்டால் முயற்சி எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்பர். இதற்கு இக்காலத்தில் எளிதான விடையொன்று உலவுகிறது: பலனை மறந்து பந்தை மட்டும் பார், மனம் கலங்காது, வெற்றி தானே வரும். இதில் ஓரளவு உண்மை உண்டு. கோப்பையை நினைத்துக்கொண்டு பந்தை அடிப்பவரின் மனம் நிகழ்காலத்தில் இல்லை. ஆனால் இதைக் கீதையின் உபதேசமாக விற்பது தவறு. வெற்றி வரும் என்பதற்காகவே வெற்றியை மறப்பவர் அதை மறக்கவில்லை, ஒளித்துவைத்திருக்கிறார். பற்று வாசல் வழியாக வெளியேறிப் பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிட்டது. பற்றின்மையும் முயற்சியும் சேர்ந்தும் வெற்றி கிடைக்காத நாளில்தான் அது உண்மையான பற்றின்மையா என்பது தெரியும்.

அந்த நாளை உடலே கொண்டுவந்துவிடுகிறது. சானியாவின் வலது மணிக்கட்டு 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாயிற்று. 2013-இல் ஒற்றையர் ஆட்டத்தையே அவர் துறக்க நேர்ந்தது. எஞ்சியதை ஏற்று இரட்டையர் ஆட்டத்தில் ஊன்றியவர் 2015-இல் அப்பிரிவில் உலகின் முதலிடத்தை அடைந்தார். மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து தொடர்ந்து 41 ஆட்டங்களை வென்றார். மகனைப் பெற்றபின் 2020 ஜனவரியில் மீண்டும் களமிறங்கி ஹோபார்ட்டில் பட்டம் பெற்றபோது அவருடன் ஆடியவர் நதியா கிச்சனோக் என்னும் உக்ரைன் வீராங்கனை. முன்பு வலைக்கு அப்பால் நின்ற நாடு இப்போது இப்பால், தோளருகே. அடுத்து மெல்போர்னில் முதல் சுற்றிலேயே காயத்தால் ஆட்டத்தைப் பாதியில் விட நேர்ந்தது. 2023 மார்ச்சில் அந்த வெற்றித் திடலில் ஊர் கூடி அவருக்கு விடைகொடுத்தது. பொந்தரென்கோவின் ஆட்ட வாழ்வை முழங்கால் உபாதை 2011-இலேயே முடித்துவிட்டிருந்தது.

இதுவரை சொன்ன தோல்விகள் ஆட்டத்தின் எல்லைக்குள் அடங்குபவை. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தது. கிரிவீ ரீஹ் நகரின்மீது பலமுறை ஏவுகணைகள் விழுந்தன. மறுமாதமே மெக்சிகோவின் மோன்டெரேயில், ஒடெசாவில் பிறந்த எலினா ஸ்விடோலினா ரஷ்ய வீராங்கனை ஒருவருக்கு எதிராக ஆட வேண்டியிருந்தது. ரஷ்யர்கள் நாட்டுச் சின்னமின்றி ஆடினாலன்றி ஆடமாட்டேன் என்றார். அவ்வாறே முடிவானபின், நீலமும் மஞ்சளும் உடுத்து ஆடி வென்றார். ரஷ்ய, பெலாரஸ் வீராங்கனைகளுடன் கைகுலுக்குவதில்லை என்பதும் அவர் கொண்ட நிலை.

இவரிடம் போய் வெற்றி தோல்வி இரண்டும் சமம் என்று சொல்லலாமா? தொலைவில் பாதுகாப்பாக அமர்ந்திருப்பவர் சொன்னால் அது உபதேசம் ஆகாது, அலட்சியம். அர்ஜுனனுக்குச் சமநிலையைப் போதித்தவர் இரு சேனைகளின் நடுவே, அதே தேரில், கடிவாளங்களைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். போரின் நியாயமும் அநியாயமும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. கை நீட்டாதிருப்பது வெறுப்பா, மாண்டவர்களுக்குச் செய்யும் மரியாதையா? பன்னிரண்டாம் அத்தியாயம் பக்தனின் இலக்கணமாக எவ்வுயிரையும் வெறாமையை முதலில் வைக்கிறது. ஆனால் அந்த வெறாமையைக் கைகுலுக்கலைக் கொண்டு அளந்துவிட முடியாது. 2023 விம்பிள்டனில் ஸ்விடோலினாவிடம் தோற்ற பெலாரஸின் அசரென்கா, அவருடைய முடிவை மதித்தே அருகில் செல்லாமல் விலகி நடந்தார். பார்வையாளர்களில் பலர் அவரை இகழ்ந்து கூச்சலிட்டனர். இரு பெண்களுக்கும் தெரிந்திருந்தது கூட்டத்துக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆட்டத்தில், உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஸ்வியாடெக்கையும் ஸ்விடோலினா வென்றார். மகளைப் பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. களத்தில் நேரும் இக்கட்டைப் பேரழிவாக இப்போது கொள்வதில்லை, வாழ்வில் அதைவிடக் கொடியவை உண்டு என்ற கருத்தில் அவர் அப்போது பேசினார். எந்தப் பயிற்சியாளரும் இதைக் கற்பித்திருக்க முடியாது. இத்தகைய அமைதியை யாருக்கும் விரும்பித் தரவும் இயலாது. அதன் விலை அத்தகையது. அவர் ஆட்டத்தில் முயற்சி குன்றவும் இல்லை. நாட்டு மக்கள் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொறுப்பு அவர்மீது இருந்தது.

இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் 3–6, 3–6 என்று தோற்றார்.