எப்போது இரண்டு இரண்டாகிறது?

எல்லவிலிருந்து பதுளைக்கு வரும் ரயில் தெமோதரை நிலையத்தைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. வரைபடத்தில் அது ஒரு வளையம். மேலும் கீழுமாய் இரண்டு தண்டவாளங்கள் தெரியும். ஆனால் 1924இல் பதுளையை எட்டிய அந்தப் பாதை ஒன்றே. வளையத்தில் எங்கு மண் சரிந்தாலும் பதுளைக்கு ரயில் வராது.

கணினி வலையமைப்பிலும் இதே மயக்கம் உண்டு. ஓர் இணைப்பு அறுந்தால் மற்றது தாங்கட்டும் என்றே மாற்று இணைப்பு போடப்படுகிறது. ஒன்று நூறு நாளில் ஒருநாள் அறுமானால், இரண்டும் ஒரே நாளில் அறுவது பத்தாயிரம் நாளில் ஒருநாள்தான். ஒன்றின் அறுதலுக்கும் மற்றதன் அறுதலுக்கும் தொடர்பில்லை என்றால் மட்டுமே இந்தக் கணக்குச் செல்லும். இரு ஒளியிழை வடங்களும் ஒரே வீதியோரக் கம்பங்களில் போனால் கணக்கு மறுபடி நூறுக்கே வந்துவிடும். நிறுவனம் இரண்டு, மாதாந்தப் பட்டியல் இரண்டு, சரியும் மலை ஒன்று.

சைவ சித்தாந்தம் காரணத்தை முதல், துணை, நிமித்தம் என மூன்றாக வகுக்கும். குடத்துக்கு மண், தண்டசக்கரம், குயவன். வடத்துக்கு அவை தாங்கும் நிலம், ஓட்டும் மின்சாரம், பழுதுபார்க்கும் ஆள் எனலாம். எண்ண வேண்டியவை வடங்கள் அல்ல, இவைதாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் ஒரே சரிவில் வரிசையாய் நின்ற தோட்ட லயங்கள் மண்ணில் புதைந்தபோது, ஆபத்துக்கு ஓடி ஒதுங்கப் பக்கத்துக் காம்பராவும் மிஞ்சவில்லை.

பௌத்தம் இன்னும் கடுமையாகக் கேட்கும்: எல்லாமே சார்ந்து தோன்றுபவை என்றால், ஒன்றையொன்று சாராத இரண்டு எங்கே இருக்க முடியும்? கேள்வி நியாயமானது. முழுச் சாராமை கிடையாது. குறிப்பிட்ட ஒரு கேட்டைப் பொறுத்த சாராமையே உண்டு. பதுளைக்கு வரும் பண்டாரவளை வழியும் மஹியங்கனை வழியும் ஒரு மண்சரிவுக்கு இரண்டு. மாகாணம் முழுவதும் கொட்டும் புயல்மழைக்கு அவை ஒன்றாகிவிடலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் அதைக் காட்டியது. வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேர அறுந்த இடங்கள் பல. ஆகவே எதற்கு எதிராக என்று சொல்லாமல் மாற்று வழி உண்டு என்பது பாதிப் பேச்சு.

செய்மதி இணைப்பு மலையோடு சரியாது. அதன் மின்சாரம் அதே கம்பங்கள் வழியே வருமானால், அதையும் இரண்டாவது என்று எண்ண முடியாது.