ஒப்படைக்கப்பட்ட உயிர்

விலங்கொன்றின் நன்மைக்காகவே எனினும், அதன் ஒப்புதலின்றி அதை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது அறமாகுமா என்னும் வினா, காவன் என்ற யானையின் வழக்கில் கூர்மையாக எழுந்தது. 1985இல் இலங்கை பாகிஸ்தானுக்குப் பரிசாக அளித்த அந்த யானை, இஸ்லாமாபாத் விலங்குக்காட்சிச்சாலையில் வளர்ந்து, துணையாக இருந்த பெண் யானை 2012இல் இறந்தபின் தனித்து வாழ்ந்தது. 2020 மே மாதத்தில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம், இஸ்லாமியப் போதனைகளையும் சுட்டி, விலங்குகளுக்கும் உரிமைகள் உண்டெனத் தீர்ப்பளித்து, தகுந்த சரணாலயத்திற்கு அதை மாற்றுமாறு பணித்தது.

இஸ்லாமியச் சிந்தனையில் ‘அமானத்’ என்பது, உடைமையாக அன்றிப் பேணிக்காக்க வேண்டிய பொறுப்பாக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டதைக் குறிக்கும். உயிர்களை அவ்வாறு கருதினால், யானையைப் பரிசாக அளித்த செயலே கேள்விக்குரியதாகிறது. ஏனெனில் தனக்கு உடைமையல்லாததை எவரும் வழங்க இயலாது. அதே கருத்து, மீட்டுக் கொண்டுசெல்லும் பயணத்தையும் நெறிப்படுத்துகிறது. 2020 நவம்பர் இறுதியில் சரக்கு விமானத்தில் கம்போடியாவிலுள்ள சரணாலயத்திற்குக் கொண்டுசெல்லப்படுமுன், பயணக் கூண்டுக்குள் தானே நுழைந்து நிற்கக் காவன் பல வாரங்கள் பழக்கப்பட்டது. கூண்டை அறிந்த யானை, சேருமிடத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லையாதலால், இப்பழக்கத்தை முழுமையான ஒப்புதலாகக் கொள்ள இயலாது. எனினும் ஒப்புதல் பெற இயலாத நிலை, அச்சத்தையும் துன்பத்தையும் குறைக்கும் கடமையை நீக்குவதில்லை, மிகுவிக்கிறது.