பின்னாடி ஆள் உட்காருவாங்களா?

பெங்களூரு ஜே.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், என் காரின் பின்சக்கர வளைவுக்குள் விரலை விட்டு இடைவெளியை அளந்துகொண்டிருந்தவர் நிமிராமலே அந்தக் கேள்வியைக் கேட்டார். தருமபுரிப் பக்கத்துக்காரர், அதனால் தமிழிலேயே பேசிக்கொண்டோம். "இல்லண்ணா, நான் மட்டும்தான்" என்றேன். தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நடந்தது 2017-ல். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அலுவலகத்துக்குத் தனியாகப் போய்த் தனியாக வருவேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலை வரை போவதும் தனியாகத்தான்.

கார் ஒரு பழைய ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14. இந்த எண்களைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு: டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், உள்ளே இருக்கும் ரிம் 14 இன்ச். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் 132 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும். பார்க்க எப்படி இருக்கும் என்றால், கல்யாண வீட்டில் பெரியப்பா பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்த பையன் மாதிரி. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழையும் இடைவெளி. ஒருமுறை அதைக் கவனித்துவிட்டால் பிறகு கண்ணை எடுக்க முடியாது. ரோட்டில் போகிற எல்லாக் காரிலும் அந்த ஓட்டைதான் தெரியும். இது ஒரு வியாதி என்று என் நண்பர்கள் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

நான் செய்தது இதுதான். காரை 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்குகள், அதோடு 17 இன்ச் அலாய், 205/45 டயர். மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் பழைய சக்கரம் 619.6 மில்லிமீட்டர், புதியது 616.3. கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் 132-லிருந்து 92 ஆகிவிட்டது. காற்று இருந்த இடத்தில் இப்போது அலுமினியம். பெங்களூருப் பள்ளங்களுக்கு இது என்ன அர்த்தம் என்று பெங்களூரில் வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் விட்டத்தில் இல்லை, அகலத்தில். ரிம்மின் அகலம் 2 இன்ச் கூடி, ஆஃப்செட் 10 மில்லிமீட்டர் குறைந்தால், சக்கரத்தின் வெளிவிளிம்பு 35 மில்லிமீட்டர் வெளியே வரும், உள்விளிம்பு 15 மில்லிமீட்டர் உள்ளே போகும். வெளியே மட்கார்டு காத்திருக்கிறது, உள்ளே ஷாக் அப்சார்பர். இறக்கிய காரில் மேலே போகவும் இடம் இல்லை. இதையெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டேன். அலுவலகத்தில் கோட் ரிவ்யூ செய்கிற சிரத்தையோடு மூன்று இரவுகள் உட்கார்ந்தேன். பின் மட்கார்டின் உள்மடிப்பை மடித்துவிட்டால் சரியாக 6 மில்லிமீட்டர் மிச்சம் என்று ஷீட் சொன்னது. அந்தத் தருமபுரி அண்ணன் பெயிண்ட் வெடிக்காமல் இருக்க ஹீட் கன்னால் சூடாக்கி, வீல் ஹப்பில் பூட்டிய உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி, அந்த மடிப்பைப் படிய வைத்தார். ஒரு கீறல் இல்லை. டிங்கர் வேலையில் அப்படி ஒரு கையை நான் பிறகு பார்க்கவில்லை.

வேலை முடிந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கார் நின்றுகொண்டிருக்கவில்லை, உட்கார்ந்திருந்தது. சக்கரமும் உடம்பும் ஒரே பொருளாகிவிட்டிருந்தன. அந்தச் சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மட்டமாகப் பேச மாட்டேன். இந்தக் கட்டுரையை ஒரு மன்னிப்புக் கடிதமாகப் படிக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்லி வைக்கிறேன்.

2019 பொங்கல் முடிந்து நாமக்கல்லிலிருந்து பெங்களூர் திரும்ப வேண்டும். அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன், பெங்களூரில் செய்வதாக ஏற்பாடு. அம்மா, அப்பா, துணைக்கு அத்தை. டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டை, தேங்காய், அத்தையின் இரண்டு பை. கிளம்பி அரை மணி நேரம் ஒன்றுமில்லை. ரோட்டில் சின்ன மேடு ஏறி இறங்கியபோது பின்னால் 'ஸ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த மேட்டில் மறுபடியும். பிறகு ரப்பர் கருகுகிற வாசனை. ஆண்டகளூர் கேட் பக்கத்தில் ஓரம் கட்டினேன்.

அப்பா எனக்கு முன்னால் இறங்கிக் குனிந்து பார்த்தார். அவர் வாழ்க்கை முழுக்க லாரி பாடி கட்டும் பட்டறை. சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் பார்த்தார். டயரின் தோளில் சுற்றிலும் ஒரு பளபளப்பான கோடு.

"எத்தன எடத்துக்குப் போட்டடா இத?"

"என்னப்பா?"

"எத்தன பேருக்குன்னு கணக்குப் போட்டு மாட்டுன?"

நான் பதில் சொல்லவில்லை. என் எக்செல் ஷீட்டில் 'லோடு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 75 என்று போட்டிருந்தேன். என் எடை.

அப்பா திட்டவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் சத்தம் போட்டிருப்பேன், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "அப்ப நாங்க எறங்கிக்கறம். நீ அரிசியப் போட்டுட்டு வா, சேலத்துல பஸ் ஏறிக்கறம்" என்றார். யாரையும் குத்திக்காட்டும் குரல் இல்லை. ஓவர்லோடு ஏற்றிய வண்டியில் பாரம் குறைக்கச் சொல்கிற குரல். அம்மா இறங்கக் கஷ்டப்பட்டாள். இறக்கிய கார், அவளுக்கு மூட்டு வலி வேறு. அத்தைதான் கையைப் பிடித்துத் தூக்கினார். "ஒண்ணுமில்ல சாமி, காத்தாடப் போலாம்" என்றாள் அம்மா. மூன்று பேரும் ரோட்டோரம் நின்று டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டியதை ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தபடி கிளம்பினேன். சத்தம் நின்றுவிட்டது. தொப்பூர் மலைப்பாதையில் கார் அருமையாக ஏறியது.

அந்தப் பயணத்திலிருந்து என்னைக் குடைவது ஒரே கேள்வி: "நான் மட்டும்தான்" என்று சொன்னபோது நான் என்ன செய்தேன்?

மென்பொருளில் இதை ஒரு அனுமானம் என்போம். இந்த நிரலை ஒரே சமயத்தில் ஒருவர்தான் பயன்படுத்துவார் என்று எழுதி வைத்துவிட்டால், இரண்டாவது ஆள் வந்து உடைக்கும்போது அது நம் தப்பாகாது, அவருடைய தப்பு. நான் செய்ததும் அதுதான். ஐந்து பேருக்கு என்று கட்டப்பட்ட ஒரு பொருளை வாங்கி, நான்கு பேரை நீக்கி, அந்த நீக்கத்தால் மிச்சமான இடத்தில் என் அழகை வைத்தேன். 6 மில்லிமீட்டர் யாருடையது? என் ஷீட்டில் அது வெறும் இடைவெளி. ஆண்டகளூர் கேட்டில் அது அம்மாவின் இருக்கை.

இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. பெரிய சக்கரம் பார்க்க வலுவாகத் தெரியும். ஆனால் டயரின் பக்கச்சுவரில் இருக்கும் பாரக் குறியீட்டைப் பாருங்கள்: பழைய 165/80 டயரில் 85, அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். நான் போட்ட சாதா வகை 205/45-ல் 84, அதாவது 500 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து ஒரு ஸ்விஃப்ட்டுக்குத் தாராளமாகப் போதும், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனாலும் பெரிதாகத் தெரிவது குறைவாகத் தாங்குகிறது என்பதை நான் வாங்கிய பிறகுதான் படித்தேன். காரை இறக்கினால் முன்சக்கரங்கள் மேல்பக்கமாக உள்ளே சாயும், டயரின் உள்பக்கம் தேயும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டை முழுசாக இருக்கும். குனிந்து உள்ளே கைவிட்டால்தான் வழுவழுப்பு தட்டுப்படும்.

காண்ட் 1790-ல் எழுதிய 'தீர்ப்புத்திறன் பற்றிய விமர்சனம்' நூலில் அழகை இரண்டாகப் பிரிக்கிறார். பூவின் அழகு எதற்கும் கட்டுப்பட்டதல்ல, அது என்னவாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. குதிரையின் அழகும் கட்டடத்தின் அழகும் அப்படியல்ல, அவை எதற்காக இருக்கின்றன என்பதோடு கட்டுண்டவை. ஒரு தேவாலயத்தில் கண்ணுக்குப் பிடித்த எதையும் சேர்க்கலாம், அது தேவாலயமாக இல்லாதிருந்தால். இதைப் படித்தபோது நான் மாட்டிக்கொண்டதாகவே தோன்றியது. கார் குதிரையின் பக்கம், பூவின் பக்கம் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் போகவில்லை. ஒரு பொருள் எதற்காக என்பதை யார் முடிவு செய்வது? தயாரித்த கம்பெனியா? வாங்கியவனா? ஜனவரி 2019-ல், கேரள வழக்கு ஒன்றில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொன்னது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து அப்பா எனக்காக எடுத்து வைத்திருந்தார். கண் ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார்.

சட்டம் சொன்னதால் கேள்வி தீர்ந்துவிடாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கலிஃபோர்னியா. காரின் எந்தப் பகுதியும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது என்று 1958-ல் அங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. தாழ்ந்த கார்கள் ஓட்டியவர்களில் பெரும்பங்கு மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள், சட்டம் போய் விழுந்த இடமும் அதுதான். மறுவருடம் ரான் அகுயிர் என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸ் தெரிந்தால் கார் எழுந்து நிற்கும், போனதும் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தடை 2024-ல்தான் முழுசாகப் போனது. (அவர்கள் போட்டது பெரும்பாலும் சின்னச் சக்கரங்கள். என் மாதிரி 17 இன்ச் பைத்தியம் வேறு வம்சம்.) தெருவில் மெதுவாக, தாழ்வாக, பார்க்கும்படிப் போவது என்பது தன்னை யாரும் பார்க்காத ஊரில் ஒருவன் கேட்கும் மரியாதையாகவும் இருக்கலாம். அதை வெறும் அலட்டல் என்று ஒதுக்க எனக்கு மனசு வருவதில்லை.

அப்பாவின் தரப்பும் அப்படியொன்றும் சுத்தமில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நான் காரை அழகுக்காக இறக்கினேன் என்றால், எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பாரத்துக்காக வண்டியை ஏற்றினார்கள். கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பட்டை வைத்தால் லாரி நிமிரும், அனுமதித்ததைவிடப் பல டன் அதிகம் ஏறும். பிரேக் அதே பிரேக்தான். அந்தப் பட்டைகளில்தான் என் இன்ஜினியரிங் ஃபீஸ் வந்தது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன லாரிகளைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் அப்பா டிவியை நிறுத்திவிட்டு வெளியே போவார். 2018-ல் மூன்று ஆக்சில் லாரியின் வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக அரசே உயர்த்தியது. முந்தின நாள் வரை குற்றமாக இருந்த மூன்றரை டன் மறுநாள் சரக்கானது. "உபயோகம்" என்ற சொல்லை வைத்து என்னை மடக்கியவரிடம் நான் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் பாரத்தைக் கூட்டியவர், ஆனால் வண்டியில் ஏறுபவரைக் கணக்கிலிருந்து எடுத்தவர் இல்லை. அவர் விட்டது எதிரே வருபவரை. நான் விட்டது உள்ளே இருப்பவரை. எது பெரிய தப்பு என்று என்னிடம் கேட்டால், தராசு நிச்சயமாக அவர் பக்கம்தான் தாழும். ஆனால் அவர் தட்டில் ஒரு குடும்பம் சாப்பிட்டது. என் தட்டில் ஒரு நிழல் ரோட்டில் அழகாக விழுந்தது.

மில் 1859-ல் சொன்னது போல, பிறருக்குத் தீங்கில்லாதவரை ஒருவன் தன் விஷயத்தில் தானே ராஜா என்பதை நான் ஏற்கிறேன். என் சிக்கல் அந்தப் 'பிறர்' எப்போது வந்து சேர்வார் என்பதுதான். அவர் முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு வருவதில்லை. பொங்கல் முடிந்து, கண் மங்கி, அரிசி மூட்டையோடு வருகிறார்.

இரண்டு வருடம் கழித்து அந்த செட்டை விற்றேன். கல்யாணம் முடிவாகியிருந்தது என்பதும் ஒரு காரணம். ஓசூரிலிருந்து ஒரு பையன் வந்தான், இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு ரிம் பள்ளத்தில் விழுந்து பெண்ட் எடுத்தது என்று சொன்னேன், அவன் கேட்காமலே. அதற்கு இரண்டாயிரம் குறைத்தான். முன் டயர்களின் உள்பக்கம் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன், அதற்கு இன்னொரு ஆயிரம் குறைத்தான். பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பின்னாடி ஆளுங்க உட்காருவாங்களா தம்பி?"

"இல்லண்ணா, நான் மட்டும்தான்."

ஆண்டகளூர் கேட் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் அதற்குள் ஒரு ரிம்மைச் சுவரில் சாய்த்து வைத்து, இரண்டடி பின்னால் போய், போனை எடுத்துக் குனிந்து படம் பிடித்துக்கொண்டிருந்தான். வெயில் நன்றாக விழுந்திருந்தது. ரிம்மைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன்.