மறைவில் இருப்பவர்

இன்னும் உருவாகாத கணினியை மக்கள் எவ்வாறு கையாளுவர் என்று முன்னரே அறிய ஒரு வழி உண்டு. மறைவில் ஒருவர் அமர்ந்து, கணினி விடையளிப்பதுபோல் தாமே விடையளிப்பார். 1983-இல் வெளிவந்த ஐ.பி.எம். ஆய்வொன்று, பேச்சைக் கேட்டு எழுதும் தட்டச்சுப்பொறியை இவ்வாறே சோதித்தது. கேட்டு எழுதியவர் வேறோர் அறையிலிருந்த தட்டச்சாளர். பொறியை உருவாக்கும் செலவின்றியே அதன் பயன்பாடு விளங்கிற்று.

சோதனைக்கு வருபவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், அவர் மனிதரிடம் பேசுவதுபோலவே பேசுவார். ஆகவே மறைக்கின்றனர்; முடிந்தபின் சொல்கின்றனர். இப்பொய் பொறுக்கத்தக்கதா?

அலுவலகக் கடிதம் எழுதுவிக்கும் அளவில் தீங்கு சிறிதே. ஆயினும், 1966-இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்னும் உரையாடல் நிரலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது வெறும் நிரலே என்பதை நன்கறிந்த அவருடைய செயலாளர், அதனோடு உரையாடத் தொடங்கியதும் அவரையே அறையைவிட்டு வெளியேறச் சொன்னார். மனிதர் எவரும் கேட்கவில்லை என்னும் உறுதியே அவர் வேண்டியது. அத்தகைய இடத்தில் ஒருவர் ஒளிந்திருப்பின் அதற்குச் சோதனை என்று பெயரிடல் தகாது, அஃது ஒட்டுக்கேட்டலே. பின்னர் ஒப்புதல் பெறுவதாலும் பயனில்லை. பதிவை அழிக்கலாம், கேட்டவர் நினைவை அழிக்க இயலுமோ?

டெங்கிலுக்கு இது தொலைவான செய்தியன்று. அதனை அடுத்தே 1997-இல் சைபர்ஜெயா தொடங்கப்பெற்றது. புத்ராஜெயா எழுவதற்காகத் தோட்டங்களைவிட்டுப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் குடியமர்த்தப்பட்டன. அவர்தம் பிள்ளைகள் இத்தகைய சோதனைக்கு அழைக்கப்படலாம். மறைவில் அமரும் வேலைக்கும் அமர்த்தப்படலாம். கடன், நோய், குடும்பச் சிக்கல் பற்றிய சோதனையாயின், கேட்பவர் மனிதராகவும் இருக்கக்கூடும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். முடிவுகள் சற்றுப் பிழைபடும், படட்டும்.